லாபத்துக்கு அடுத்த எண்

கைபேசியைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, ஓட்டத்தின் கடைசிப் பகுதியை அவள் மறுபடியும் ஓடவிட்டாள். குதிரைகள் வளைவைத் தாண்டி நேர்ப்பாதைக்குள் வந்தன. நடுவே மஞ்சள் சட்டை போட்டு, பிடரிமயிருக்குள் முகத்தைப் புதைத்தவன்போலக் குனிந்திருப்பவன் அவளுடைய கொழுந்தன். அவனுக்குக் கீழே ஓடுவது, குட்டியாக வந்த நாளிலிருந்து அவள் பழக்கிய பெண்குதிரை. பந்தயத்தில் அதற்கு வாயில் நுழையாத நீளத்தில் ஒரு பெயர் உண்டு. லாயத்தில் எல்லோருக்கும் அது டீச்சர். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனைப் பார்ப்பதுபோலத்தான் அது எவரையும் பார்க்கும்.

கொழுந்தன் மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து, வேகவைத்த முட்டையின் வெள்ளையை நறுக்கி ஒவ்வொரு துண்டையும் ஒரு விருந்தைப்போல மென்றுகொண்டிருந்தான். எடை கூடிவிடுமோ என்று பயந்தே வாழ்கிற ஜாக்கி சாப்பிடுவதைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்குத்தான் பசிக்கும். நாளை மத்தியானம் விசாரணை. ஆனால் அவன் முகத்தில் கவலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கென்று இந்த வீட்டில் ஒரு ஆளைப் போட்டாயிற்று, அது அண்ணி, என்பதுபோல உட்கார்ந்திருந்தான்.

"பாரு. நான் சத்தமா எண்றேன். நீ வாய மூடிட்டுப் பாரு."

மஞ்சள் சட்டையின் வலக்கை உயர்ந்தது. அவள் எண்ணினாள். எதிரே அவன் உதடுகளும் அசைந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. கடைசி அடி விழுந்து குதிரை எல்லைக்கோட்டைத் தாண்டியபோது அவள் விரல் திரையைத் தட்டி நிறுத்தியது.

"ஏழு."

"ஆறு, அண்ணி."

"கண்ணு முன்னாடி ஓடுது. இதுல போயி பொய் சொல்றியே."

"பொய் எதுக்குச் சொல்லணும்? நான் மேல உக்காந்து எண்ணிக்கிட்டே வந்தேன். கேமரா மேல உக்காந்துச்சா?"

இப்படிப் பேசுகிறவனிடம் என்ன பேசுவது? ஒரு ஓட்டத்தில் ஆறு அடிக்கு மேல் கூடாது என்பது விதி. பஞ்சு வைத்துச் சுற்றிய சாட்டைதான், இருந்தாலும் ஆறு. இந்தப் பருவத்தில் அவன் மாட்டிக்கொண்டது இது மூன்றாவது முறை. முதல் முறை எச்சரித்துச் சில ஓட்டங்களுக்கு உட்கார வைத்தார்கள். இரண்டாம் முறை ஒரு மாதம். மூன்றாவது முறை நிரூபணமானால் பருவம் முடிகிறவரை குதிரை ஏற முடியாது. உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பதையே யோசிப்பார்கள். பருவத்தின் பெரிய ஓட்டம் அடுத்த மாதம். டீச்சர் அதில் ஓட வேண்டும். டீச்சரோ இவனைத் தவிர யாரையும் முதுகில் வைத்துக்கொள்ளாது. இவன் தண்டனையில் இருந்த மாதத்தில் வேறொரு ஜாக்கியை ஏற்றிப் பார்த்தார்கள். அது அவனைக் கோபமில்லாமல், வகுப்புக்கு வெளியே நிற்கவைப்பதுபோலப் புல்லில் இறக்கிவிட்டுத் திரும்பி நடந்து வந்துவிட்டது.

பந்தயங்களை விசாரிக்கும் குழுவின் அலுவலகத்திலிருந்து போனில் பேசியவர் சொன்னது அவளுக்கு இன்னும் காதில் இருந்தது. "எட்டு, ஒம்பதுன்னு அடிச்சிருந்தாக்கூட ஏதோ வெறியில அடிச்சுட்டான்னு நினைப்போம் மேடம். மூணு தடவையும் சொல்லி வெச்ச மாதிரி ஏழு. ஒண்ணே ஒண்ணு கூட. இது கணக்குப் போட்டு அடிக்கிற ஆளுன்னுதான் இங்க பேச்சு."  கணக்குப் போட்டு அடிக்கிற ஆள். பேருந்தில் மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்காமல் பையில் போடுகிற ஆள்.

அவள் மீண்டும் ஒருமுறை ஓடவிட்டாள். இப்போது அடிகளை விட்டுவிட்டுக் குதிரையைப் பார்த்தாள். முதல் அடி விழுவதற்குச் சற்று முன்பே டீச்சரின் காதுகள் பின்னால் திரும்பி, பிறகு விறைத்து முன்னால் வந்தன. காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கொழுந்தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நீங்க தூங்குங்க அண்ணி, எல்லாம் பாத்துக்கலாம்" என்று சொல்லிப் போனான். அந்த 'பாத்துக்கலாம்' அவள் உடம்பில் எங்கெங்கோ சுருக்கென்று குத்தியது.

காலையில் லாயத்தில் அவளுக்கு இன்னொரு எரிச்சல் காத்திருந்தது. வாரம் முழுக்க வரவேண்டிய ஓட்ஸ் மூட்டை இந்த வாரமும் முன்னதாகவே தரை தட்டிவிட்டது. இரண்டு மாதமாக இதே கதை. லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்குப் பூனை என்று பெயர். அவர் வருவதும் தெரியாது போவதும் தெரியாது. அப்படி நடக்கிற மனிதர் மீது சந்தேகம் வருவதற்குத் தனியாகக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

"மூட்டைக்கு ஓட்டை கீட்டை இருக்கா?" என்றாள் அவரிடம்.

"ஓட்டை இல்லை மேடம். நான்தான் இருக்கேன்."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்ல வேணாம் மேடம். ரெண்டு மாசமா மூட்டையத் திறந்து என்னையும் உள்ள இருக்கிறதையும் மாத்தி மாத்திப் பாக்குறீங்க. வீட்டுல நான் என்ன, ஓட்ஸா திங்கிறேன்? எனக்குப் பல்லே நாலுதான்."

அவள் நகர்ந்தாள். முற்றத்தின் ஒரு பக்கம் அவள் கணவன் பழுப்புக் குதிரையின் பின்னங்காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு லாடம் அடித்துக்கொண்டிருந்தான். வாயில் ஆணிகள். ஒவ்வொன்றாக உருவி, சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கும்போது பற்களின் இடுக்கு வழியே எண்ணுவது அவன் பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அது அவளுக்குக் குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. மாமனார் தானியக்கடை வைத்திருந்தவர். மரக்காலில் அளக்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்பார்கள் இல்லையா, அது அப்படியே மகன் வாயில் ஆணிக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

"லாபம்," என்றான் கணவன். டொக் டொக். "ரெண்டு." டொக் டொக். "மூணு."

முற்றத்தின் மறுபக்கத்தில் டீச்சரின் கொட்டிலுக்கு முன்னால் கொழுந்தன் குனிந்து வாளியில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தான். தண்டனையில் வேலையில்லாமல் இருந்தபோது டீச்சருக்குத் தீனி வைக்கும் வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். டீச்சருக்கு வேளைக்கு நாலு டப்பா ஓட்ஸ்.

"லாபம்," என்றான் கொழுந்தன். சலசலவென்று முதல் டப்பா விழுந்தது. "ஒண்ணு." இரண்டாவது விழுந்தது. "ரெண்டு."

அவள் நடுமுற்றத்தில் அப்படியே நின்றாள். ஒரு காதில், "நாலு." டொக் டொக். மறு காதில், "மூணு." சலசல. பிறகு கொழுந்தன், "நாலு" என்று சொல்லி ஐந்தாவது டப்பாவைக் கொட்டி, கையை உதறிவிட்டு நிமிர்ந்தான்.

ஒரு கணம் அவளுக்குச் சிரிப்பு வரப்போகிறதா அழுகை வரப்போகிறதா என்று தெரியவில்லை. வந்தது இரண்டும் இல்லை. தரையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து எதிரே இருந்த தகரத் தொட்டியில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். லாயத்தில் இருந்த தலைகள் எல்லாம் அரைக்கதவுகளுக்கு மேலே எட்டிப் பார்த்தன.

"டேய். இப்போ எத்தனை டப்பா போட்ட?"

"நாலு, அண்ணி."

"எப்படி எண்ணின? திரும்பச் சொல்லு."

அவன் சொன்னான். லாபத்தில் ஆரம்பித்து நாலில் முடித்தான். அவன் குரலில் குற்றம் செய்தவனின் நடுக்கம் கொஞ்சமும் இல்லை.

"லாபம்னா ஒண்ணுடா," என்றாள் அவள். "லாபம்னா ஒண்ணு. அதுக்கு அடுத்தது ரெண்டு."

"லாபம்னா லாபம் அண்ணி. அது கணக்குல வராது. அதுக்கப்புறம்தான் ஒண்ணு."

கணவன் குதிரைக்காலைக் கீழே விட்டான். வாயிலிருந்த ஆணிகளைக் கையில் துப்பினான். "யார் சொன்னா அப்படி?"

"அப்பாதான்."

"அப்பா லாபம், ரெண்டுன்னுதான் எண்ணுவாரு. நான் கூடவே நின்னேன்."

"நானும்தான் கூட இருந்தேன்."

"நீ சாக்கு மேல உக்காந்து கடலையத் தின்னுட்டு இருந்த."

"அளந்தேன் அண்ணே. சாயங்காலம் நான்தான் அளப்பேன். நான் உக்காந்தா கடையில என்ன கூட்டம் வரும், ஞாபகம் இருக்கா? அப்பாவே சொல்வாரு, சின்னவன் கை ராசியான கைன்னு."

 கணவன் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக மேலேறி வந்தது. "அதான்," என்றான் கடைசியில். "அதாண்டா கூட்டம். ஊரே உன்கிட்ட வந்து நின்னுச்சு. அந்த மனுஷன் ராத்திரி எல்லாம் தலையப் பிடிச்சுட்டு உக்காருவாரு, வியாபாரம் ஓடுது, சரக்கு எங்க போகுதுன்னு தெரியலையேன்னு."

பூனை எங்கிருந்தோ வந்து அவள் பக்கத்தில் நின்றிருந்தார். காலியான மூட்டையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "நான் போய் டீ குடிச்சுட்டு வரேன் மேடம்," என்றார் மிகுந்த மரியாதையுடன். "என் பல்லு நாலும் கூடவே வருது. எண்ணிக்கிறீங்களா?"

மத்தியானம் விசாரணைக்குக் கிளம்பினார்கள். கணவன் ஓட்டினான். கொழுந்தன் பின்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தான். அவன் உதடுகள் அவ்வப்போது அசைந்தன. எண்ணிப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. எதை எண்ணினாலும் அவன் அப்பாவின் கடையில் போய்த்தான் முட்டிக்கொள்வான் என்றும் தெரிந்தது. அப்பா போனபோது அவனுக்கு வயது பத்து. அண்ணனுக்கு அப்பாவோடு பேசியது, சண்டை போட்டது, கடையை மூடியது என்று மூட்டை மூட்டையாக ஞாபகம் இருக்கிறது. இவனிடம் இருப்பது அந்த எண்ணிக்கை மட்டும்தான். அதையும் தப்பு என்று சொன்னால் அவனிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று ஒருகணம் தோன்றியது. அடுத்த கணமே, இதைப் போய் விசாரணைக் குழுவின் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள்.

"அதெல்லாம் வாயவே திறக்காதீங்க," என்றான் கணவன், அவள் நினைத்தது கேட்டுவிட்டதுபோல. "ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாத ஜாக்கின்னு நாளைக்கு ரேஸ்கோர்ஸ் பூரா சிரிக்கும். குதிரையோட ஓனர் சாயங்காலமே வண்டி அனுப்பி அத ஏத்திட்டுப் போயிடுவாரு. டீச்சர் உள்வேலிப் பக்கமா சாஞ்சுச்சு, பக்கத்துக் குதிரை மேல மோதிடக்கூடாதுன்னு ஏழாவது அடி அடிச்சேன்னு சொல்லட்டும். அதுக்கு விதியிலயே இடம் இருக்கு. கேட்டியாடா?"

பின்னால் அவன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. பட்டது என்பதைவிட, வேறு எதையும் யோசிக்கத் தெம்பில்லை. குதிரை சாய்கிறது என்று சொன்னால் டீச்சர் மேல் ஒரு குறிப்பு ஏறும். தனியாக ஓட்டிக் காட்டி, நேராக ஓடுகிறது என்று நிரூபித்த பிறகுதான் மறுபடி பந்தயத்தில் விடுவார்கள். அதைச் செய்துவிடலாம். பொய்தான். ஆனால் மரியாதையான பொய். தங்களிடம் இருக்கும் உண்மையை வெளியே எடுத்தால் அதற்குச் சட்டைகூட இல்லை.

விசாரணை அறை சிறியது. நீளமான மேசை, பெரிய திரை, சுவரோரமாக ஒரு பழைய தோல் சோபா. ஜன்னலுக்கு வெளியே ஆளில்லாத ஓடுபாதையில் ஒரு டிராக்டர் மண்ணைச் சமப்படுத்திக்கொண்டு மெதுவாகப் போனது. குழுவின் தலைவர் நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள். அவருக்குப் பக்கத்தில் முழங்கால் மடங்காத ஒரு முன்னாள் ஜாக்கி, காலை மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் கொழுந்தனின் சாட்டை. அது அங்கே கிடந்த விதத்தில், அதுவும் ஒரு சாட்சி என்று அழைத்து வந்ததுபோல இருந்தது.

காட்சியை ஓடவிட்டார்கள். பெரிய திரையில் ஒவ்வொரு அடியும் இன்னும் பெரிதாக விழுந்தது. வலிக்காது, சத்தம்தான் என்று அவளே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். யாரும் இல்லாத ஒரு பகலில் அந்தச் சாட்டையால் தன் தொடையில் அடித்துப் பார்த்திருக்கிறாள். முதல் அடி ஒன்றுமே இல்லை. அதே இடத்தில் நாலாவது விழுந்ததும் நிறுத்திவிட்டாள்.

"குதிரை உள்பக்கமா சாஞ்சது, அதனாலதான் கடைசி அடின்னு உங்க டிரெய்னர் சொல்றாங்க," என்றார் தலைவர். "அப்படித்தானா?"

கொழுந்தன் திரையைப் பார்த்தான். அதில் டீச்சர் பாதி பாய்ச்சலில் உறைந்து நின்றிருந்தது.

"இல்ல மேடம். டீச்சர் கோடு போட்ட மாதிரி ஓடுனா. அவ சாயவே மாட்டா."

மேசைக்கு அடியில் அவள் அவன் காலை மிதித்தாள்.

"காலை மிதிக்காதீங்க அண்ணி," என்றான் அவன், சத்தமாக. முன்னாள் ஜாக்கி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்போ ஏழாவது அடி எதுக்கு?"

"ஆறுதான் மேடம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மூன்று விசாரணைகளில் சேர்ந்த அலுப்பு அந்த வைப்பில் இருந்தது. "பாருங்க தம்பி. ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூட அடிக்கிறீங்க. ஒவ்வொரு தடவையும் ஆறுன்னு சொல்றீங்க. இங்க உக்காந்திருக்கிற நாங்க எல்லாம் முட்டாளுங்கன்னு நினைக்கிறீங்களா? இல்ல, உங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

"தெரியாது மேடம்," என்றாள் அவள்.

சொல்லிவிட்ட பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. இனிமேல் திரும்பிப் போக வழியில்லை. ஆணி, ஓட்ஸ், மாமனாரின் மரக்கால், சாக்குமூட்டை மேல் உட்கார்ந்த சிறுவன், கடைக்கு வந்த கூட்டம் என்று எது முதலில் எது பிறகு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கொட்டக் கொட்ட அது அவள் காதுக்கே நம்ப முடியாததாகிக்கொண்டு போனது. பொய்யை இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள். நடுவில் முன்னாள் ஜாக்கி சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, மடங்காத காலைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தார். தலைவர் சிரிக்கவில்லை. சாட்டையை எடுத்துக் கொழுந்தனிடம் நீட்டினார்.

"அந்த சோபாக் கையில அடிச்சுக் காட்டுங்க. ஓட்டத்துல எப்படி எண்ணுவீங்களோ அப்படியே. சத்தமா."

கொழுந்தன் எழுந்து போய் சோபாவின் பக்கத்தில் முழங்கால்களை மடக்கி நின்றான். அதற்குப் பிறகு அவன் அந்த அறையில் இல்லை. முதுகு குனிந்தது, கண்கள் எங்கோ போயின. "லாபம்," என்றான் மெதுவாக, ஏறக்குறைய கொஞ்சலாக. அதற்குப் பிறகுதான் சாட்டை விழுந்தது. தோலின் வெடிப்புகளிலிருந்து தூசி எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் நின்றது. "ஒண்ணு." மறுபடி தூசி. முதல் அடிக்கு எழுந்ததற்கும் இரண்டாவதற்கு எழுந்ததற்கும் எந்த வித்தியாசமும் இல்லை என்பதை அவள் பார்த்தாள். தலைவரும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு" என்று அவன் நிமிர்ந்தபோது சோபாவுக்கு மேலே காற்று மங்கலாக இருந்தது.

"முதல் அடிய ஏன் கணக்குல சேக்கல?" என்று கேட்டார் தலைவர்.

"அது அடி இல்ல மேடம். கூப்பிடறது."

"குதிரைக்கு அது தெரியுமா?"

  பல மாதமாக அவள் என்ன கேட்டாலும் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வைத்திருந்தவன், சாட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சோபாவைப் பார்த்தபடி நின்றான்.

"நீங்க சொல்றது நிஜம்னா," என்றார் தலைவர், அவனிடம் இல்லாமல் அவளிடம், "இவரு ஏமாத்துக்காரர் இல்ல. ஆனா ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாத ஆள் கையில நாங்க சாட்டையக் குடுத்து வெச்சிருக்கோம்னு ஆகுது. ரெண்டுல எது பரவாயில்லன்னு எனக்கே தெரியல. நாளைக்குக் காலையில சொல்றோம். சாட்டை இங்கயே இருக்கட்டும்."

வெளியே வண்டியிலேயே காத்திருந்த கணவன் திரும்பும் வழியில் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சிக்னலில் மட்டும், "சொல்லிட்ட," என்றான். அவள், "சொல்லிட்டேன்," என்றாள். அந்தச் சிக்னல் அன்றைக்கு ஏன் அவ்வளவு நேரம் சிவப்பாகவே இருந்தது என்று தெரியவில்லை.

லாயத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தீனி நேரம் இன்னும் ஆகவில்லை. குதிரைகள் கொட்டில்களுக்குள் பின்பக்கமாகத் திரும்பி நின்று எதையும் மெல்லாத நேரத்துக்கு உரிய அமைதியில் இருந்தன. பூனை முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். புது ஓட்ஸ் மூட்டை ஒன்று சுவரோரமாக நின்றது, வாய் கட்டியபடி. அவள் அவர் அருகில் போய், இரண்டு மாதமாகச் சொல்லாமல் சொன்னதற்கு என்ன சொல்லலாம் என்று யோசித்து, "டீ குடிச்சீங்களா?" என்றாள்.

"குடிச்சேன் மேடம். ஒரு கிளாஸ்தான். லாபம் சேத்தா ரெண்டு."

கொழுந்தன் வெறுங்கையோடு முற்றத்தின் நடுவில் நின்றான். எங்கே போனாலும் சாட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறவன். அது இல்லாமல் அவன் கைகள் இரண்டும் வேறு யாரோ கொடுத்து வைத்துவிட்டுப் போனவை மாதிரித் தொங்கின. கணவன் காலையில் பாதியில் விட்ட வேலையை எடுக்கப் போனவன், சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"டேய். நீ பக்கத்துல உக்காந்திருக்கிறப்போ அப்பா வேற மாதிரி எண்ணியிருந்தாலும் எண்ணியிருப்பாரு," என்றான். "உனக்கு விளையாட்டுக் காட்ட. எனக்கென்ன தெரியும்."

"விளையாட்டு இல்ல அண்ணே."

"சரி, இல்ல."

"முதல் மரக்கால அவரு கொட்டுவாரு. அதுக்கப்புறம் என் கையில குடுத்து, இப்போ நீ எண்ணுன்னு சொல்வாரு. நான் ஒண்ணுன்னு ஆரம்பிப்பேன்."

கணவன் சுத்தியலைப் பார்த்தான். அந்தக் காட்சியில் தான் எங்கே நின்றிருந்தோம் என்று தேடுகிறவன்போல இருந்தது அவன் முகம். அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. இத்தனை வருடம் கழித்து, இத்தனை அடி கழித்து, நாளைக்கு ஒரு உரிமம் போகப்போகும் நேரத்தில், செத்துப்போன மனிதரின் மரக்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆண்கள் முற்றத்தில் நிற்கிறார்கள். யாராவது ஒருவர் குதிரைக்குத் தண்ணீர் வைத்தால் தேவலை.

"அப்போ முதல்ல கொட்டுறப்போ அவரு என்ன சொல்வாரு?" என்று கேட்டான் கணவன், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியவனாக.

கொழுந்தன் கைகளைக் காற்றில் கொஞ்சம் தூக்கினான். அவற்றில் மரக்காலும் இல்லை, டப்பாவும் இல்லை, சாட்டையும் இல்லை. சோபாவுக்குப் பக்கத்தில் சொன்ன அதே மெல்லிய குரலில் சொன்னான்.

"லாபம்."

முற்றத்தின் கடைசிக் கொட்டிலில் வைக்கோல் சரசரத்தது. ஒரு குளம்பு தரையில் தட்டியது. அரைக்கதவுக்கு மேலே டீச்சரின் தலை முழுவதுமாக வெளியே வந்தது. கைபேசியில் பார்த்ததுபோலவே இரண்டு காதுகளும் விறைத்து முன்னால் நீண்டிருக்க, அது அவனுடைய வெறும் கைகளைப் பார்த்துக் காத்துக்கொண்டு நின்றது.